தீர்த்தமலை அடிவாரத்திலிருந்து வந்த போன்

ஸ்பிரிட் விளக்கின் வாசனை... சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையில், டெஸ்ட் டியூபில் நீலக் கரைசல் சூடாகி, மெதுவாகச் செங்கல் நிறத்துக்கு மாறும். ஆசிரியையாக எனக்கு அது முதல் வேலை. கம்பைநல்லூர் பக்கம் ஒரு சின்னப் பள்ளியில் ப்ளஸ் ஒன் உயிரியல் எடுத்துக்கொண்டிருந்தேன்.

திவ்யா என்று ஒரு பெண். சந்தேகம் கேட்டே உயிரை வாங்குவாள்.

"குளுக்கோஸும் சக்கரைதான், வூட்ல டீக்குப் போடறதும் சக்கரைதான். அப்பறம் எதுக்குங்க மிஸ் ரெண்டு பேரு?"

"குளுக்கோஸ் தனி ஆளு. நேரா ரத்தத்துக்குப் போயிரும். டீக்குப் போடறதுல குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் ஜோடியா இருக்கும். குடல்ல பிரிஞ்சுதான் உள்ள போகும். ஆனா சட்டுனு பிரிஞ்சிரும்."

தலையாட்டினாள். பாடம் முடிந்தது என்று நினைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளே போன் செய்தாள். குரலே சரியில்லை.

"மிஸ்... தீர்த்தமலைக்கு வந்தோமுங்க. அப்பாவுக்கு சுகரு. மாத்திரையப் போட்டுட்டு, விரதம்னு ஒண்ணும் சாப்டாம மலை ஏறி எறங்கிட்டாரு. இப்ப வேர்த்துக் கொட்டுது, கையெல்லாம் நடுங்குது... சுகரு கொறஞ்சிருச்சுங்களா?"

நான் என்ன டாக்டரா?

"நெனவு இருக்கா? முழுங்கறாரா?"

"தண்ணி குடிச்சாருங்க."

"டீக்கடையில சக்கரை வாங்கிக் கரைச்சுக் குடு. ஆம்புலன்ஸுக்கும் சொல்லு. சீக்கிரம்!"

பின்னால் அவள் அத்தை கத்துவது கேட்டது. "சுகர்காரனுக்குச் சக்கரையா? எந்தம்பியக் கொல்லப் பாக்கறயா புள்ள?"

"அத்தே, ரத்தத்துல சக்கரை தீந்துபோச்சு! இது சட்டுனு பிரிஞ்சு உள்ள போயிரும். வுடுங்கத்தே!"

லைன் கட்டானது.

திரும்பக் கூப்பிடப் பயம்... அவள் கை போனில் இருந்தால் டம்ளரை யார் பிடிப்பது? மாரடைப்பாக இருந்தால்? நான் சொன்னது தப்பாகிவிட்டால்? உட்கார முடியவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

ஒருவழியாகப் போன் அடித்தது. ஆண் குரல்.

"மிஸ்ஸுங்களா... இப்பத் தேவலாங்க. எங்கக்காகிட்ட சண்ட போட்டுக் குடுத்துருச்சுங்க எம் பொண்ணு."

"மொதல்ல இட்லி ஏதாவது சாப்பிடுங்க. ஆம்புலன்ஸ் வந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று சொல்லி வைத்தேன். அப்புறம்தான் அழுகை வந்தது.

இப்போது தர்மபுரி டவுனில் பெரிய பள்ளி. ஸ்மார்ட் போர்டில் சர்க்கரை மூலக்கூறுகள் கலர் கலராகப் பிரிந்து தெரியும். விளக்கு, நெருப்பு ஒன்றும் வேண்டாம். திவ்யா மாதிரி குடைந்து கேட்கிற பிள்ளைகளும் குறைந்துவிட்டார்கள்... அதனால் நானே கேட்கிறேன், "உங்க வீட்டுல யாருக்காவது சுகர் இருக்கா?"

பாதி வகுப்பு கை தூக்குகிறது.