பொன்னாடையும் ஈரத்துணியும்

கனகவல்லி அம்மையாரின் மகள் மங்கை தொலைபேசியில் அழவில்லை. "சார், அம்மா விடியகாலைல தூக்கத்துலயே போயிட்டாங்க. மத்தியானம் எடுக்குறோம்" என்றார். "சரிம்மா" என்றேன். தொலைபேசியை வைத்த பிறகுதான், ஓர் ஆறுதல் வார்த்தையாவது சொல்லியிருக்கலாமே என்று பட்டது. எனக்கு எப்போதும் அப்படித்தான், எல்லாம் பிறகுதான் தோன்றும்.

மன்னார்குடியில் நாங்கள் பணியாற்றிய கல்லூரியில் கனகவல்லி அம்மையார் நூலகராக இருந்தார்கள். நான் இயற்பியல் துறை. இரண்டு புத்தகங்களைக் கையில் வைத்துக்கொண்டு எதை எடுப்பது என்று நான் வெகுநேரம் நிற்பேன். ஒருநாள் இரண்டையும் வாங்கி முத்திரை குத்திக் கொடுத்தார்கள். "எடுத்துட்டுப் போங்க சார். மிச்சத்தை வீட்டுல போய் யோசிங்க." சுற்றி இருந்த மாணவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

அவர்கள் கணவர் சிங்காரவேலு தவில் வாசிப்பவர். அவர் மறைந்தது, கைபேசியில் குரலைப் பிடித்துவைக்கும் காலம் வருவதற்கு முன்பு. ஒரு நாகசுர இசைத்தட்டில் இரண்டாவது தவில் அவர்தான். உறையில் பெயர் இல்லை. ஆனால் முதல் பக்கம் முடியும் தறுவாயில், வாசிப்பின் நடுவே, அவர் தம்மை மறந்து "அப்படித்தான்" என்கிறார். அந்த ஒரு சொல்தான் உலகத்தில் மிஞ்சிய அவருடைய குரல்.

ஓய்வுபெற்ற பிறகு ஒருநாள் அம்மையார் என்னை வீட்டுக்கு அழைத்தார்கள். இசைத்தட்டு படபடவென்று பொரிகிறது, அந்தச் சொல் சரியாகக் கேட்கவில்லை என்றார்கள். "கீறல் விழுந்துருச்சா சார்? உள்ளதைச் சொல்லுங்க."

போட்டுக் கேட்டேன். கீறலாக இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் ஒலி வரும். இது இடம் மாறி மாறி வந்தது. தட்டை எடுத்தபோது அடியில் இருந்த கம்பளி விரிப்பும் ஒட்டிக்கொண்டு கூடவே வந்தது. என் முழங்கை வரை ரோமம் சிலிர்த்து நின்றது.

"உங்களுக்கும் தெரியுதா?" அம்மையார் தம் கையை நீட்டிக் காட்டினார்கள். "ஒவ்வொரு தடவையும் இப்படித்தான். வந்துட்டாருன்னு சொல்லிக்குவேன்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார்கள். கையை மட்டும் உடனே மடக்கிக்கொள்ளவில்லை.

அது நிலைமின்சாரம் என்று விளக்கினேன். உரசினால் தட்டில் மின்னேற்றம் தங்கிவிடும். ஊசி ஓடும்போது பொரியும், சுற்றியுள்ள தூசியையும் இழுத்துக்கொள்ளும். ஐப்பசி மழையில் பூஞ்சை பிடித்துவிடும் என்று பயந்து அவர்கள் அந்த அறைக்கு ஏசி போட்டு, சன்னலை அடைத்துவைத்திருந்தார்கள். ஈரத்துக்குப் பயந்தே பழகிய ஊர்க்காரர்கள் நாங்கள். மின்னேற்றத்தைக் கலைக்க அந்த ஈரம் கொஞ்சம் வேண்டும் என்பது யாருக்கும் தோன்றுவதில்லை.

"எதால துடைக்கிறீங்க?"

பீரோவிலிருந்து எடுத்துவந்தார்கள். கோயில் திருவிழாவில் அவருக்குப் போர்த்திய பொன்னாடை. ஜரிகை மினுங்கும் நைலான் துணி. சுவரில் மாட்டியிருந்த அவருடைய படத்தையும் அதைக்கொண்டே துடைத்துவந்தார்கள். அந்தப் படத்துக்குக் கண்ணாடி இல்லை, பிளாஸ்டிக் தகடுதான். எவ்வளவு துடைத்தாலும் முகத்தில்தான் தூசி அப்புகிறது என்று குறைப்பட்டிருந்தார்கள்.

எப்படிச் சொல்வது என்று தயங்கினேன். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவர்களே கண்டுகொண்டார்கள்.

"இந்தப் பொன்னாடைதானா?"

"ஆமாம் மேடம்."

கொஞ்சநேரம் அதை மடித்தார்கள். "உயிரோட இருந்தப்பவும் பொன்னாடை போட்டவங்க யாரும் அவர் கையில மைக்கைக் குடுத்ததில்ல சார்."

மறுநாள் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டரும் பழைய மல் துணியும் கொண்டுபோனேன். ஏசியை நிறுத்திச் சன்னலைத் திறந்தோம். அது நடவு சமயம். தண்ணீர் கட்டிய வயல்களிலிருந்து கனத்த காற்று வந்தது. நடுவில் ஒட்டிய காகிதம் நனையாமல், வரிகளின் போக்கிலேயே துணியை ஓட்டினேன். அந்தச் சொல் இருக்கும் வரிகளுக்கு வந்ததும் நிறுத்திவிட்டேன். ஏதாவது ஆகிவிட்டால் அதற்குப் பிரதி கிடையாது.

"நான் துடைக்கட்டுமா?" என்று துணியை வாங்கி, அவர்களே துடைத்தார்கள்.

உலர்ந்த பிறகு ஊசியை வைத்தோம். பொரியும் சத்தம் இல்லை. அந்த இடம் வந்தது. சொல்லுக்கு முன்னால் அவர் மூச்சை இழுப்பது கேட்டது. அதுவரை அவர்களே கேட்டிராத மூச்சு. பிறகு, "அப்படித்தான்."

அம்மையார் தட்டை எடுத்தார்கள். வழக்கம்போல் முழங்கையை அதன் மேல் பிடித்தார்கள். பிடித்தபடியே நின்றார்கள்.

"பேச்சு கிடைச்சுருச்சு சார்," என்றார்கள். "ஆளைக் காணோம்."

அடுத்த மாதம் போனபோது பொன்னாடை மேசைமேல் இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் முதலில் அதைக்கொண்டு தட்டைத் துடைத்துக் கையை நீட்டுவார்களாம். பிறகு ஈரத்துணியால் துடைத்துக் கேட்பார்களாம். "வந்தாத்தானே பேசுவாரு?"

தூசி வரிக்குள் போய் ஊசி அதை அரைத்துவிடுமே என்று எனக்குக் கவலை. வேறொரு பழைய தட்டில் துடைத்துக்கொள்ளலாமே என்றேன்.

"நல்லா இருக்கே. வேற வீட்டுக் கதவைத் தட்டுனா இவரு எப்படி வருவாரு?"

கடைசியில் இதே தட்டின் மறுபக்கத்தை மட்டும் பொன்னாடையால் துடைப்பது என்று முடிவாயிற்று. அந்தப் பக்கத்தில் அவர் பேசவில்லை. என் வாழ்நாளில் நான் செய்த ஒரே சமரச உடன்படிக்கை அதுதான்.

சென்ற மாதம் படுக்கையிலிருந்தபடியே சொன்னார்கள்: "நான் போனதுக்கப்பறம் ஒரு தடவை சுத்தமா தொடச்சுப் போட்டுடுங்க சார். ரெண்டு பக்கமும். அவர் சொல்லட்டும். அதோட போதும்."

காரியங்கள் முடிந்ததும் மங்கை இசைத்தட்டையும் பிளேயரையும் என் வீட்டில் கொண்டுவந்து வைத்தார். நேற்று மாலை செய்தேன். கதவு, சன்னல் எல்லாம் திறந்திருந்தன. என் வீட்டில் ஏசி கிடையாது. பாமணி ஆற்றில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. கம்பளி விரிப்பை முன்பே எடுத்துவிட்டேன். இரண்டு பக்கமும் நனைத்த மல் துணியால் மெதுவாகத் துடைத்தேன். இந்த முறை எங்கும் நிறுத்தவில்லை.

மூச்சு கேட்டது. "அப்படித்தான்" கேட்டது. பொரியும் சத்தம் துளிகூட இல்லை.

தட்டை எடுத்து, அவர்கள் செய்ததுபோல் முழங்கையை அதன் மேல் பிடித்தேன். சும்மா, சரிபார்க்கத்தான்.

ரோமம் முழுவதும் எழுந்து நின்றது.

காரணம் ஒன்று இருக்கும். துணி நன்றாகக் காய்ந்திருக்கலாம். என் சட்டையில் நைலான் கலந்திருக்கலாம். வயதான உடம்பு எதற்கும் சிலிர்க்கும். ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும், அந்த முறை எனக்குத் தெரியும். நான் பார்க்கவில்லை. விளக்கு வைக்கும் நேரம்வரை கையை எடுக்கவில்லை.

போய் வாருங்கள், மேடம். அவரையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.