நாலு சக்கரத்துக்கும் ஒரே சாவி

எனக்குப் பத்து வயதானபோது அப்பா ஐந்து மாதங்களாகச் செந்தூலில் தங்கியிருந்தார். அங்கே வேலை மாற்றலாகிவிட்டது, தினமும் பண்டமாரானில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்துபோக முடியாது என்று அம்மா சொல்லியிருந்தார். ஒரு மணி நேரத் தூரம்தான். ஆனால் பெரியவர்கள் சொல்கிற தூரத்தைப் பிள்ளைகள் அளந்து பார்ப்பதில்லை. வேறு ஏதோ மாநிலத்தில் இருக்கிறார் என்பதுபோலவே நானும் நினைத்துக்கொண்டேன்.

மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு காரை எங்களிடம் விட்டுவிட்டுப் போயிருந்தார். அது பழைய கார்தான். ஆனாலும் அதன்மேல் அவருக்கு அப்படியொரு பிரியம். வாங்கிய கையோடு ஸ்போர்ட் ரிம் போட்டார். ரிம்மை யாராவது கழற்றிக்கொண்டு போய்விடுவார்களோ என்று பயந்து, ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு நட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் லாக் நட் மாட்டினார். சாதாரண ஸ்பேனருக்கு அது அசையாது. கட்டைவிரல் பருமனில் ஓர் இரும்புத் துண்டு உண்டு. அதை நட்டின் தலையில் பொருத்தித்தான் திருப்ப வேண்டும். சாவி மாதிரியே இல்லாத அதை நாங்கள் சாவி என்றுதான் சொல்வோம்.

பள்ளி விடுமுறையில் ஒரு நாள் காலை, பிரிக்பீல்ட்ஸில் ஓர் ஆபிசில் கையெழுத்துப் போட வேண்டும் என்று அம்மா என்னையும் அழைத்துக்கொண்டு கிளம்பினார். காரில் ஒரு பழுப்பு உறையை மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லி, கசக்கிவிடாதே என்று இரண்டு தடவை எச்சரித்தார். எனக்கு வேலை முடிந்ததும் வாழையிலைச் சாப்பாடு என்பது மட்டும்தான் நினைப்பு.

கிள்ளான் டவுனைத் தாண்டுவதற்குள் கார் இடப்பக்கம் இழுக்க ஆரம்பித்தது. பின்சக்கரம் காற்றிறங்கித் தரையோடு தரையாகக் கிடந்தது. மெதுவாக ஊர்ந்து ஒரு டயர் கடைக்குப் போய்ச் சேர்ந்தோம். கடைக்காரர் ஜாக்கி வைத்து மூன்று நட்டுகளை நொடியில் கழற்றினார். நான்காவதைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"அக்கா, இது லாக் நட். சாவி எங்க இருக்கு?"

அம்மாவுக்குத் தெரியவில்லை. டேஷ்போர்டைத் திறந்து எல்லாவற்றையும் சீட்டில் கொட்டினார். நான் சீட்டுகளுக்கு அடியில் கைவிட்டுத் துழாவினேன். கடைக்காரர் பின்னால் ஸ்பேர் டயரைத் தூக்கிப் பார்த்தார். அப்பாவின் சீப்பு கிடைத்தது, அவருடைய கறுப்புக் கண்ணாடி கிடைத்தது, சாவி இல்லை. ஸ்பேர் டயருக்கு அடியில் டூல்ஸ் பை இருந்த இடமும் காலியாகக் கிடந்தது.

சுத்தியலால் ஒரு சாக்கெட்டை அடித்து இறக்கித் திருப்பிப் பார்க்கட்டுமா, ஆனால் ரிம் கீறிப் போகும் என்றார் கடைக்காரர். அடிங்க என்றார் அம்மா. நான்கைந்து அடிக்குப் பிறகும் நட்டு அசையவில்லை. ரிம்மில் வெள்ளையாக ஒரு வடு விழுந்தது. அம்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, போதும் என்றார்.

பிறகு போனில் அப்பாவின் எண்ணை எடுத்தார். அழுத்தவில்லை. என்னிடம் நீட்டினார்.

"சாவி எங்கேன்னு கேளு."

நான் கேட்டேன். அந்தப் பக்கம் இரும்புச் சாமான்களைத் துழாவும் சத்தம் கேட்டது.

"டூல்ஸ் பையோட எங்கிட்ட வந்துருச்சும்மா. நான் கொண்டு வரேன். அங்கேயே இருங்க."

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அம்மா கடையின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, ஆபிசுக்குப் போன் செய்து நேரத்தைப் பன்னிரண்டு மணிக்கு மாற்றிக்கொண்டார். நான் வாசலிலேயே நின்றேன். ஹெட்லைட் போட்டு வந்த ஒவ்வொரு மோட்டார் சைக்கிளும் அப்பாவாகத் தெரிந்தது. கடைசியில் மழைக்கோட்டோடு அவர் வந்து இறங்கியபோது, இளைத்துப்போயிருந்தார். என் தலையில் ஈரக் கையை வைத்தார். ரிம்மில் இருந்த வடுவைத் தடவிப் பார்த்தார், அதோடு விட்டுவிட்டார். முன்பென்றால் அதற்கு ஒரு வாரம் சண்டை நடந்திருக்கும்.

கடைக்காரரை விலகச் சொல்லிவிட்டுத் தானே குந்தி உட்கார்ந்தார். அம்மாவையும் பக்கத்தில் கூப்பிட்டார்.

"நல்லா உள்ள போற வரைக்கும் அழுத்திப் பிடிக்கணும். சாய்ச்சா வழுக்கிடும். மெஷின் வெச்சு அடிக்க விடாதே, கையாலதான் கழட்டணும். நீ திருப்பு."

அம்மா திருப்பினார். ஸ்பேனர்மேல் அவருடைய கையும் அதற்கு மேலே அப்பாவின் கையும் இருந்தன. கிறீச் என்று நட்டு இளகியது. அவர்கள் இருவரும் ஒரே பொருளைத் தொட்டு நான் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது.

டயரில் குத்தியிருந்த ஆணியைக் கடைக்காரர் பிடுங்கி, ஒட்டி மாட்டிய பிறகும் அப்பா போகவில்லை. சாவியை ஒரு சின்னப் பையில் போட்டு டேஷ்போர்டுக்குள் வைத்து, வைத்த இடத்தை அம்மாவுக்குக் காட்டினார். டூல்ஸ் பையையும் காரிலேயே வைத்தார். முன் மூடியைத் திறந்து எஞ்சின் சூடாகாமல் இருக்கக் கூலன்ட் எங்கே ஊற்றுவது, எஞ்சின் ஆயில் அளவை எப்படிப் பார்ப்பது, ரோட் டேக்ஸ் எப்போது முடிகிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அம்மா பள்ளிப் பிள்ளைபோலத் தலையாட்டிக்கொண்டிருந்தார். நடுவில் அப்பாவின் கண் நான் வைத்திருந்த உறைமேல் விழுந்தது.

"இன்னிக்கா?"

"பன்னெண்டு மணிக்கு."

"நேரம் இருக்கு. ரோட் ஈரம், வேகமா ஓட்டாதே."

அவ்வளவுதான் பேசினார்கள். அப்பா மறுபடியும் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார். பின் கண்ணாடி வழியாகக் கையசைத்தேன். அவர் பார்த்தாரா என்று தெரியவில்லை. ஹைவே முழுக்க அம்மா இரண்டு கைகளாலும் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தார். சாலை வழுக்குவதால் கவனமாக ஓட்டுகிறார் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன்.

பிரிக்பீல்ட்ஸில் மாடியில் இருந்தது அந்த ஆபிஸ். ஒரு பெண் வக்கீல் அம்மாவை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினார். வெளியே மேசையில் இருந்த அக்கா என்னிடம் பேச்சுக் கொடுத்தார். அப்பா மழையில் செந்தூலிலிருந்து வந்து டயரைக் கழற்றிக் கொடுத்ததையும், அம்மாவுக்குக் கார் வேலை எல்லாம் சொல்லிக்கொடுத்ததையும், இனி கோபமே படமாட்டார் என்பதையும், சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிடுவார் என்பதையும் மூச்சுவிடாமல் சொன்னேன். அந்த அக்கா சிரிக்கவில்லை. இழுப்பறையைத் திறந்து ஒரு சாக்லேட் எடுத்து என் கையில் வைத்துவிட்டு, கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

என் சந்தோஷத்தில் அவர் ஏன் கலந்துகொள்ளவில்லை என்று எனக்குப் புரியவில்லை. திரும்பி வரப்போகிறவர் கூலன்ட் ஊற்றும் இடத்தை அத்தனை பொறுமையாகச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார் என்பது தெரிய, எனக்கு இன்னும் சில வருடங்கள் பாக்கி இருந்தன.