நாலாம் இலக்கத் தடி

தெரியாத கேள்வி ஒன்று வந்தால் இக்னேசியஸ் முதலில் கண்ணாடியைக் கழற்றுவார். ஒரு பக்கம் ஊதுவார், மறுபக்கம் ஊதுவார். சேட்டின் கீழ்நுனியை வெளியே இழுத்து, படிந்த ஆவி மறையும்வரை வட்டம் வட்டமாகத் துடைப்பார். பிறகு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இல்லாத ஒரு தூசியை நகத்தால் தட்டிவிடுவார். அதற்குள் பக்கத்தில் நிற்கிற யாராவது பதிலைச் சொல்லிவிடுவார்கள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "ஓம், அதுதான்" என்பார். மிசிசாகாவில் விமான நிலையத்தை ஒட்டிய சரக்குக் கிட்டங்கியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் வேலை. அங்கே அத்தனை வருடத்தில் "தெரியாது" என்ற சொல்லை அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை.

தமிழர் நிறைந்த மல்வேர்னில் வீடு. மனைவி வேரோனிக்காவுக்கு ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. இக்னேசியஸ் யாருடைய வம்புக்கும் போகாதவர். எந்த ஊர் என்று கேட்டால் மட்டும் "யாழ்ப்பாணம்" என்று சொல்லி, குளிரைப் பற்றியோ நெடுஞ்சாலை நெரிசலைப் பற்றியோ பேசத் தொடங்கிவிடுவார். அவருடைய மாமி இறந்தபோது இணையத்தில் போட்ட மரண அறிவித்தல்தான் காட்டிக்கொடுத்தது. 'குருநகரைப் பிறப்பிடமாகக் கொண்ட' என்று அதில் இருந்தது. கூட வேலை செய்யும் நவரட்ணம் அதைப் படித்துவிட்டார். குருநகர் என்றால் கடற்கரை, கடற்கரை என்றால் மீன், மீன் என்றால் சாதி. எங்கள் ஆட்களுக்கு இந்தக் கணக்கைச் செய்யக் கையும் வேண்டாம், கடதாசியும் வேண்டாம்.

உண்மையில் இக்னேசியசின் தகப்பன் தையற்காரர். இக்னேசியசுக்கோ படகில் ஏறினால் சத்தி வரும். வாழ்க்கையில் அவர் ஒரு மீனைக்கூடப் பிடித்ததில்லை.

கிட்டங்கியின் மேற்பார்வையாளர் கென் ஓய்வு பெறப்போவதாகச் செய்தி வந்தது. தமிழ் ஆட்கள் எல்லோரும் சேர்ந்து ஏதாவது நல்லதாகக் கொடுக்க வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். கென்னுக்கு உயிர் ஆற்று மீன்பிடி. அதுவும் நிம்ஃப் என்ற பொய்ப்பூச்சியைத் தண்ணீரின் அடியில் ஓடவிட்டு ட்ரவுட் மீன் பிடிப்பது. பழைய தூண்டில் தடி கார்க் கதவில் அகப்பட்டு முறிந்த நாளிலிருந்து, எல்லா விதத்துக்கும் ஈடுகொடுக்கிற ஒரே ஒரு தடி கிடைத்தால் போதும் என்று மதிய இடைவேளைகளில் சொல்லிக்கொண்டிருந்தார். ஆகவே தடிதான் என்று முடிவானது. யார் போய்த் தெரிவு செய்வது?

"உதுக்கு என்ன யோசனை?" என்றார் நவரட்ணம். "இக்னேசியஸ் அண்ணையை அனுப்புங்கோ. குருநகர் ஆளுக்கு மீன் விசயம் ஆரும் சொல்லிக் குடுக்க வேணுமே?"

எல்லோரும் சிரித்தார்கள். இக்னேசியசும் சிரித்தார். சிரித்த வாயை உடனே மூடவும் முடியவில்லை, அப்படியே வைத்திருக்கவும் முடியவில்லை.

வீட்டில் வேரோனிக்கா கறியைக் கிளறியபடியே கேட்டாள்.

"உங்களுக்குத் தெரியாதெண்டு சொல்லுறதுக்கென்ன?"

"சொன்னால் அவங்கள் என்ன நினைப்பாங்கள்?"

"தெரியாதெண்டு நினைப்பாங்கள்."

இக்னேசியஸ் சனிக்கிழமை தனியாகத் தூண்டில் கடைக்குப் போனார்.

நகரின் மேற்கே இருந்த அந்தக் கடையில் தடிகள் சுவரோரம் நாணற்புதர்போல நின்றன. வெள்ளைக்கார முகங்களை எதிர்பார்த்து, மனதுக்குள் இங்கிலீசில் சில வசனங்களை அடுக்கிக்கொண்டு போயிருந்தார். வந்து நின்றதோ, சட்டையில் லக்சிகா என்று பெயர் குத்தியிருந்த ஒரு தமிழ்ப் பிள்ளை. இங்கேயே பிறந்து வளர்ந்தவள் என்பது பேச்சில் தெரிந்தது. அவரைப் பார்த்ததும், "அங்கிள், தமிழோ?" என்று மலர்ந்தாள். இக்னேசியஸ் தலையாட்டினார். வெள்ளைக்காரனிடம் முட்டாளாக நிற்பது வேறு, தமிழ்ப் பிள்ளையிடம் நிற்பது வேறு.

அவள் பொறுமையாக விளங்கப்படுத்தினாள். நிம்ஃபைக் கொண்டு பிடிக்க முக்கியமாக இரண்டு வழி இருக்கிறதாம். கிட்ட நின்று, நூலைத் தளரவிடாமல், தடியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு பூச்சியை அடியோடு நடத்திப் போவது ஒன்று. அதற்கு நீண்ட, மெல்லிய தடி வேண்டும். நூலில் ஒரு சின்ன மிதப்பைக் கட்டித் தூர வீசி, மிதப்பு அமிழுகிறதா என்று பார்த்திருப்பது மற்றது. அதற்குத் தடியின் இடுப்பில் கொஞ்சம் பலம் வேண்டும். தடி இக்னேசியசுக்கே என்று நினைத்து, அவர் எப்படிப் பிடிக்கிறவர், ஆற்றுக்குள் இறங்கி நிற்கிறவரா, எந்த ஆறு என்று கேட்டாள்.

இக்னேசியஸ் கண்ணாடியைக் கழற்றினார். ஊதினார், துடைத்தார், வெளிச்சத்தில் பிடித்தார். லக்சிகா காத்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் வேறு ஒருவரும் இல்லை.

"எல்லா மாதிரியும்," என்றார் கடைசியில்.

"அப்ப இதுதான் அங்கிள்." பத்தடி நீளம், நாலாம் இலக்கம்; இலக்கம் கூடக்கூடத் தடி இறுகும். நுனி இளகலாக இருக்கும், மீன் பூச்சியைத் தொட்டாலே கைக்கு வந்து சொல்லும். அடிப்பாகம் இறுக்கம், மிதப்பையும் வீசலாம். அவள் கையில் கொடுத்தாள். அவர் ஆட்டிப் பார்த்தார். ஈர்க்குப்போல இருந்தது. கையில் ஒரு பாரமும் இல்லை. இத்தனை பேர் சேர்ந்து கொடுக்கிற பரிசை மண்டபத்தில் பிரிக்கும்போது இந்த ஈர்க்கு வெளியே வந்தால்? நவரட்ணத்தின் வாய் கோணுவது இப்போதே தெரிந்தது. சுவரில் தடித்த பிடியோடு கறுப்பாக மினுங்கிக்கொண்டு நின்ற இன்னொன்றைக் காட்டினார்.

"அது பெரிய சமன் மீனுக்கு, எட்டாம் இலக்கம். நிம்ஃபுக்கு ஓவர் ஸ்ரோங் அங்கிள். ட்ரவுட் தொடுறது உங்களுக்குத் தெரியவே தெரியாது."

அவள் சொன்னதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் 'உங்களுக்குத் தெரியாது' என்ற இரண்டு சொல் மட்டும் பிரிந்து வந்து அவர் காதில் விழுந்தது.

"பிள்ளை," என்றார், கடைக்கே கேட்கிற குரலில். "நான் குருநகர். மீனைப் பற்றி எங்களுக்கு ஆரும் படிப்பிக்கத் தேவையில்லை."

லக்சிகா அவரை ஒரு கணம் நேராகப் பார்த்தாள். பிறகு கண்ணைத் தாழ்த்தி, "சொறி அங்கிள்," என்று எட்டாம் இலக்கத் தடியை இறக்கினாள். காருக்குள் வந்து இருந்த பிறகுதான் இக்னேசியசுக்கு உறைத்தது, நவரட்ணத்தின் வசனத்தையே தான் எடுத்துச் சொல்லிவிட்டோம் என்று.

பிரியாவிடைக் கூட்டத்தில் தடி ஆளுக்காள் கைமாறியது. பாரத்தைப் பார்த்து எல்லோரும் மெச்சினார்கள். நவரட்ணம் இக்னேசியசின் முதுகில் தட்டி, "சொன்னனான் எல்லே," என்றார். கென் நுனியை ஒரு முறை ஆட்டினார். அவர் முகத்தில் ஏதோ ஒன்று வந்து, வந்த வேகத்திலேயே போனது. பிறகு நிறைய நன்றி சொன்னார். தெரிவு செய்தவரையும் அழைத்துக்கொண்டுதான் இதை முதலில் நனைப்பேன் என்றார்.

இக்னேசியஸ் மறுத்துப் பார்த்தார், நடக்கவில்லை. மே மாதத்தில் ஒரு காலை கிறெடிற் ஆற்றங்கரையில், பெரிய கல் ஒன்றின் மேல் இருந்துகொண்டு இக்னேசியஸ் கென்னைப் பார்த்தார். முழங்கால் ஆழத்தில் நின்று, அந்தப் பாரமான தடியைக் கை உயர்த்திப் பிடித்து, நூல் தளராமல் நிம்ஃபை நடத்தப் பார்த்தார் கென். நுனி கம்பிபோல நின்றது. தோள் நொந்து கையைத் தாழ்த்தினார், பிறகும் உயர்த்தினார். மிதப்பைக் கட்டி வீசினார். அது கல் விழுந்ததுபோல விழ, தெளிந்த நீரில் இரண்டு நிழல்கள் விலகி ஓடின. மீன் தொட, நூல் இலேசாக நின்று நின்று போவது கரையில் இருந்த இக்னேசியசின் கண்ணுக்கே பட்டது. பிடித்திருந்த கைக்குத்தான் ஒன்றும் வரவில்லை. கென் ஒரு முறையும் முணுமுணுக்கவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கடைசியில் கரைக்கு வந்து, நீ ஒருக்கால் காட்டு என்று தடியை நீட்டினார் கென். தண்ணீர் சொட்டியது. இக்னேசியசின் கை கண்ணாடிவரை போய்த் திரும்பி வந்தது.

தனக்குத் தெரியாது என்றார் இங்கிலீசில். ஒருநாளும் மீன் பிடித்ததில்லை, தடியைப் பற்றியும் தெரியாது, கடைப்பிள்ளை வேறு ஒன்றைத்தான் காட்டினாள் என்றார். கென் தடியை மடியில் வைத்துக்கொண்டு கல்லில் இருந்தார். இலையுதிர்காலத்தில் சமன் மீன் வரும்தானே, அதற்கு இது உதவும் என்றார். அந்தப் பெருந்தன்மையைத் தூக்கிக்கொண்டு வீடுவரைக்கும் வருவது இக்னேசியசுக்குத் தடியைவிடப் பாரமாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை கடைக்குப் போனார். நீர் சொன்னதுதான் சரி பிள்ளை, நான் சும்மா கதை விட்டது என்று சொல்லிவிட வேண்டும். வழியெல்லாம் அந்த வசனத்தைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனார். வாசலிலேயே அவரைக் கண்ட லக்சிகா, ஒரு கட்டு நூற்சுருளைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தாள். அவர் வாய் திறக்குமுன்னர் அவள் முந்திக்கொண்டாள்.

"அங்கிள், அண்டைக்கு உங்களிட்டைச் சொல்லேல்லை. நாங்களும் குருநகர்தான்."

அவளுடைய தகப்பன் தாங்கள் இருக்கும் மோர்னிங்சைட்டில் எல்லோரிடமும் தன்னை 'ரவுண்', யாழ்ப்பாணப் பட்டணத்துக்காரன் என்றே சொல்லி வந்தவராம். பிள்ளைகளுக்கும் அப்படித்தான் சொல்லச் சொல்லிப் பழக்கியிருந்தாராம். ஒரு அங்கிள் கடை நடுவில் நின்று 'நான் குருநகர்' என்று சத்தமாகச் சொன்னதை அன்று பின்னேரமே அவள் வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறாள். அடுத்த ஞாயிறு பூசை முடிந்து நிற்கும்போது, யாரோ ஒரு புது ஆள் ஊர் எது என்று கேட்க, தகப்பன் குருநகர் என்று சொல்லிவிட்டாராம்.