பிரச்சனையோடு வரச் சொன்னேன்

மலேசியாவில், மலாக்காவை அடுத்த மெர்லிமாவில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே, ஜன்னல் திறக்காத ஓர் அறையில், வயது வந்த பெண்களுக்கு மலாய் சொல்லிக்கொடுத்துவருகிறேன். எல்லோரும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள். மீன் பேரம் பேசும் அளவுக்கு மலாய் அவர்களுக்குத் தெரியும். பாடப்புத்தகமோ திரும்பவும் மீன் வாங்கத்தான் கற்றுக்கொடுத்தது. எனக்கு எரிச்சலாக வந்தது. ஒருநாள் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, "அடுத்த வாரம் ஆளுக்கொரு பிரச்சனையோட வாங்க. மலாய்ல பேசினாத்தான் தீரும்ங்கிற மாதிரி நிஜப் பிரச்சனை. அதான் நம்ம ப்ராஜெக்ட்" என்றேன். பயிற்சியில் எனக்கு அப்படித்தான் சொல்லித்தந்தார்கள். சிக்கலைக் கையில் கொடுத்துவிட்டால் மொழி தானாக வருமாம்.

மற்றவர்கள் உடைந்த தண்ணீர்க் குழாய், வராத பள்ளிப் பேருந்து என்று கொண்டுவந்தார்கள். கடைசி வரிசை அக்கா மட்டும் எல்லோரும் இறங்கிப் போகும்வரை காத்திருந்தார். அவருக்கு மாதக்கணக்காக இரத்தப்போக்கு நிற்கவில்லை. கிளினிக்குக்குப் போகாமல் இல்லை. கணவர் மோட்டார் சைக்கிளில் கூட்டிப்போவார், கணவரே பேசுவார், டாக்டரும் அவரைப் பார்த்தே கேட்பார். பெண்கள் சமாச்சாரத்தை வேறொரு ஆணிடம் சொல்ல அந்த மனிதருக்குக் கூச்சம். அதனால் ஒவ்வொரு முறையும் "பெனாட், டாக்டர்" என்று, வெறும் களைப்பு என்று சொல்லிவிடுவார். சத்து மாத்திரையோடு திரும்பிவருவார்கள்.

"அவரு மாத்திச் சொல்றது எனக்குப் புரியுது டீச்சர். பக்கத்திலயே உக்காந்திருக்கேன். வாய்தான் வரல" என்றார்.



அவர் சம்மதத்தோடு அதை வகுப்பில் வைத்தேன். நான் டாக்டர். கேன்டீனில் வேலை செய்யும் ஒரு பெண் கணவராக நடித்தார். அக்கா வாயைத் திறக்கும்போதெல்லாம் அவர் குறுக்கே விழுந்து, "பெனாட் லா டாக்டர், பெனாட்!" என்று வெளுத்து வாங்கினார். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அக்காவும் சிரித்தார், ஆனால் ஒரு வாக்கியம்கூட முடியவில்லை. பிறகு ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். நம்பர் வந்ததும் மோட்டார் லைட் எரியுது என்று சொல்லி அவரை வெளியே அனுப்பிவிடலாம் என்றார் ஒருவர்.

"வேணாம். அவரு இருக்கும்போதே சொல்லணும். இல்லாட்டி வீட்டுக்குப் போயி அவருகிட்ட மறுபடியும் சொல்லணும்லே" என்றார் அக்கா.

அதன்பின் யாரும் சிரிக்கவில்லை. இரத்தம், எத்தனை நாளாக, எவ்வளவு, வலி எங்கே என்று நாலைந்து வாக்கியங்கள். கணவர் வேஷக்காரி எவ்வளவு கத்தினாலும் நிறுத்தாமல் சொல்லிமுடிக்க வேண்டும். பல வாரங்கள் அதையே செய்தோம்.

ஒரு சனிக்கிழமை அவர் தாமதமாக வந்து, செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். "சொல்லிட்டேன் டீச்சர்" என்றார். டாக்டர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு அவரிடமே கேட்டாராம். கேட்டதற்கெல்லாம் இவரே பதில் சொன்னாராம். மலாக்கா பெரிய ஆஸ்பத்திரிக்கு ஸ்கேனுக்கு எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். பெண்கள் கைதட்டினார்கள். சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் உள்ளே வராமல் நின்றது அப்போதுதான் உறைத்தது.

"வெளிய வந்ததும், யாரு உன்ன பேசச் சொன்னான்னு கேட்டாரு. பயத்துல, டீச்சர் குடுத்த ப்ராஜெக்ட்னு சொல்லிட்டேன். அப்ப ப்ராஜெக்ட் முடிஞ்சிருச்சுல்ல, இனிமே கிளாஸ் எதுக்குன்றாரு."

கீழே ஹாரன் அடித்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்வதுபோல நாலு கேள்வி கேட்டுவிடுவது என்று படியிறங்கினேன். என்னைப் பார்த்ததும் அந்த மனிதர் எஞ்சினை அணைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"ரொம்ப நன்றி டீச்சர். நல்லா சொல்லிக்குடுத்திருக்கீங்க. பிரச்சனை தீந்திருச்சுல்ல?"

நான் என்ன பதில் சொன்னாலும் அது அக்காவோடுதான் அந்த மோட்டாரில் ஏறி வீட்டுக்குப் போகும். ஸ்கேனுக்கு அழைத்துப்போகப் போகிறவரும் இவர்தான். பின்னாலேயே இறங்கிவந்த அக்கா என் முகத்தைப் பார்க்காமல் ஹெல்மெட் வாரை மாட்டிக்கொண்டிருந்தார்.

"தீந்திருச்சுங்க" என்றேன்.