ரெண்டு கையையும் சேர்த்து

எங்கள் அப்பாவின் டச் போன் இரண்டு வருடமாக ஊருக்குள் டார்ச் லைட்டாக மட்டும்தான் வேலை பார்த்துக்கொண்டிருந்தது. அஞ்செட்டிக்கு அப்பால் காட்டுக்குள் இருக்கும் எங்கள் ஊரில் சிக்னல் கிடையாது. ஓசூரில் கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை பார்த்த அக்காவிடம் பேச வேண்டுமென்றால், ஊருக்கு மேலே இருக்கும் பாறைக்கு ஏற வேண்டும். அங்கேயும் குரல் மட்டும்தான் கேட்கும், அதுவும் யானை இறங்காத நாளில்.

எங்கள் ஊரிலிருந்து கம்பெனி வேலைக்குப் போன முதல் பெண் அக்கா. அப்பா லேசில் அனுப்பவில்லை. உனக்கு ஒரு சின்னக் கெடுதல் என்று காதில் விழுந்தாலும் அன்றைக்கே கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன் என்று சொல்லித்தான் பஸ் ஏற்றினார். அக்காவும் ஒவ்வொரு முறையும் நல்லா இருக்கிறேன் என்றுதான் சொல்வாள். அந்த வருடம் மாரியம்மன் பண்டிகைக்கு அவள் வரவில்லை. ஓவர்டைமாம். அம்மா இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

எனக்குப் பத்து வயதானபோது, கரண்ட் கம்பங்களில் கறுப்புக் கேபிளைக் கட்டிக்கொண்டே வந்து, பஞ்சாயத்து ஆபீசில் இன்டர்நெட்டுக்கான ஒரு வெள்ளைப் பெட்டியை மாட்டினார்கள். மாட்டிய கேபிள்கார அண்ணன், யாருக்காவது வீடியோ கால் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டதுதான் தாமதம், அப்பா போனை நீட்டிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை, அக்கா ஹாஸ்டலில்தான் இருப்பாள். ஊரே ஆபீசுக்குள் நெருக்கியடித்தது. இங்கிலீஷ் எழுத்து தெரிந்தவள் என்பதால் போன் என் கைக்கு வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அக்கா எடுத்தாள். முதலில் நெற்றி மட்டும் தெரிந்தது. மற்றதெல்லாம் கட்டம் கட்டமாகக் கலங்கிக் கிடந்தது.

"நெட்டு சுத்துது பாரு. பயப்படாத, மீதியும் வந்துரும்," என்றார் கேபிள்கார அண்ணன்.

அப்படியே மூக்கு வந்தது, வாய் வந்தது. திரை முழுக்கக் கூட்டத்தைப் பார்த்ததும் அக்கா வெலவெலத்துப்போய் இடது கையை ஆட்டினாள். அம்மாவுக்கு மானமே போய்விட்டது. பஞ்சாயத்துத் தலைவர் நிற்கிறார், பெரிய அத்தை நிற்கிறாள்.

"ஏன்டி, பெரியவங்க முன்னால பீச்சாங்கையையா ஆட்டுவ? ரெண்டு கையையும் சேத்துக் கும்புடு!"

"போன் புடிச்சினு இருக்கறன்ம்மா."

"எங்கியாவது சாத்தி வெச்சுட்டுக் கும்புடேன். டவுனுக்குப் போனதும் மரியாத மறந்துபோச்சா?"

அக்கா போனைக் கட் பண்ணியிருக்கலாம். லைன் போய்விட்டது என்று நாங்களும் நம்பித்தான் இருப்போம். ஏன் அப்படிச் செய்யவில்லை என்று இன்றுவரை நான் அவளைக் கேட்டதில்லை. போனைச் சுவரில் சாத்தி வைத்தாள். கும்பிட்டாள்.

இடது கையின் நடுவிரலும் மோதிர விரலும் ஜோடி இல்லாமல் தனியாக நின்றன. வலது கையில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. சரியாக அந்த நேரத்தில் படம் நின்றுவிட்டது.

அம்மாவுக்குக் கத்தக்கூட வரவில்லை. தன் வலது கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். திரையில் கும்பிட்டபடி அசையாமல் இருந்த அக்காவின் குரல் மட்டும் வந்தது.

"பிரஸ் மிஷின்ப்பா. ஆறு மாசம் ஆச்சு. சொன்னா கூட்டினு போயிருவீங்க. நான் வர மாட்டன்ப்பா."

மறுநாள் அப்பா ஓசூருக்குப் போனார். தனியாகத்தான் திரும்பினார். ஆனால் அன்றைக்கு அந்த ஆபீசில், அம்மாவுக்குக் குரல் வந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதபோது, ஆடிப்போகாமல் நின்றவள் நான் ஒருத்திதான். அன்று எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. கேபிள்கார அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். இந்த முறை அவர் சொல்லாததால் நானே அம்மாவுக்குச் சொன்னேன்.

"அழாதம்மா. இன்னும் ரெண்டு விரல்தான் வரணும். இரு, வந்துரும்."

சொல்லிவிட்டு, போனை இன்னும் கொஞ்சம் உயரத் தூக்கிப் பிடித்தேன்.