மூன்றாவது பீரியட்

பள்ளிக்கூடத்தில் அவருக்குப் பெயர் கட்டம் டீச்சர். கணக்குப் பாடம் எடுப்பவர், துணைத் தலைமையாசிரியை என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். பதினேழு வருஷமாக, முப்பத்தெட்டு ஆசிரியர்களையும் இருபத்திரண்டு வகுப்புகளையும் ஒன்றோடொன்று இடிக்காமல் ஒரே கால அட்டவணை அட்டையின் கட்டங்களில் உட்கார வைத்தவர் அவர்தான். கோடை விடுமுறையில் சாப்பாட்டு மேசைமேல் அட்டையை விரித்தாரென்றால் மூன்று வாரத்துக்கு வீட்டில் தட்டு வைக்க இடம் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு ஃப்ரீ பீரியடா என்று மகள் கேலி செய்வாள்.

இத்தனை பாடுபட்டும் கிடைத்தது வசவுதான். கடைசி பீரியடில் ஒன்பதாம் வகுப்பு யார் தலையில் விழுந்தாலும், அவங்களுக்கு வேண்டியவங்களா இருந்தா இப்படிப் போடுவாங்களா என்று ஒரு பேச்சு கிளம்பும். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. டீ கிளாஸ் கழுவும் இடத்தில் காதில் விழும்.

அதனால்தான், பள்ளியை மூன்று வருஷத்தில் கணினிக்கு மாற்ற ஒரு திட்டம் எழுதிக் கொடுங்கள் என்று தலைமையாசிரியர் கேட்டபோது, மற்றவர்கள் நழுவ, இவர் வாங்கிக்கொண்டார். வருகைப் பதிவு, மதிப்பெண், வீட்டுப்பாடம் எல்லாம் சேர்த்துப் பதினாறு பக்கம். அதில் அவருக்கே பிடித்தது ஏழாவது பக்கம். கால அட்டவணையை மென்பொருள் போடும். யாருக்காவது ஒரு கட்டம் காலியாகவோ மாற்றியோ வேண்டுமென்றால் காரணம் எழுத வேண்டும். அந்தக் காரணம் ஸ்டாஃப் ரூம் திரையில் எல்லோருக்கும் தெரியும். சந்தேகம் இருந்தால் யார் வேண்டுமானாலும் கேட்கலாம், இரண்டு நாளில் பதில் வர வேண்டும். பதில் இல்லாவிட்டால் சலுகை ரத்து. கூட்டத்தில் இதை வாசித்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். அதிகம் தட்டியவர் புதிதாக வந்த அறிவியல் சார்.

ஒரு சனிக்கிழமை மதியம், கம்ப்யூட்டர் அறையில் தனியாக உட்கார்ந்து முதல்முறை ஓட்டிப் பார்த்தார். மூன்று வார வேலையை அது நாலு நிமிஷத்தில் முடித்துக் கொடுத்தது. யாரையாவது கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போல இருந்தது. அப்புறம்தான் புவியியல் டீச்சரின் வரிசையில் கண் போனது. வாரத்தில் மூன்று நாள், மூன்றாவது பீரியடில் வகுப்பு.

நாலு வருஷமாக அந்த வரிசையில் மூன்றாவது பீரியட் காலியாகவே இருந்து வந்தது. அடுத்து வரும் இடைவேளையையும் சேர்த்தால் ஒரு மணி நேரம். புவியியல் டீச்சர் பின்பக்க கேட் வழியாகப் போவார். மூன்று தெரு தள்ளி வீடு. வெளியே போட்ட பூட்டைத் திறந்து, உள்ளே இருக்கும் கணவருக்கு மாத்திரை கொடுத்து, நாலு வாய் ஊட்டி, துணி நனைந்திருந்தால் மாற்றி, கேஸ் மூடியிருக்கிறதா என்று பார்த்து, மறுபடி பூட்டிவிட்டு நாலாவது பீரியடுக்கு வந்துவிடுவார். வேலை நேரத்தில் வெளியே போகக் கூடாது என்பது பள்ளியின் விதி. பார்த்துக்கொள்ள வீட்டில் வைத்த இரண்டு பெண்களையும் கணவர் திருடி என்று சொல்லி விரட்டிவிட்டார்.

அந்தக் கணவர் இதே பள்ளியில் இருபத்தெட்டு வருஷம் வேதியியல் எடுத்தவர். இப்போதுள்ள ஆசிரியர்களில் பாதிப்பேர் அவரிடம் படித்தவர்கள், அடி வாங்கியவர்கள். அவர்களைப் பொறுத்தவரை சார் வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டு அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டிருக்கிறார். மனைவியையே யார் நீங்க என்று கேட்கிறார் என்பது கட்டம் டீச்சர் ஒருவருக்குத்தான் தெரியும். அதுவும் புவியியல் டீச்சர் ஒரே ஒருமுறை சொன்னது. இனிமேல் நீயும் கேட்காதே, யாரிடமும் சொல்லாதே என்று அன்றைக்கே வாங்கிய வாக்கு.

ஏழாவது பக்கத்தை எழுதும்போது இது எப்படி நினைவுக்கு வராமல் போனது? கட்டம் டீச்சர் மனதில் அது சலுகையாக இருந்ததே இல்லை. ஒவ்வொரு வருஷமும் அட்டையில் முதலில் விடுகிற கட்டம் அது. அதற்குமேல் அதைப் பற்றி யோசித்ததில்லை.

அந்தக் கட்டத்தைத் தட்டினார். காரணம் கேட்டது. வெறுமனே விட்டால் ஏற்கவில்லை. ஒரு புள்ளி வைத்தால் ஏற்கவில்லை. குறைந்தது இருபது எழுத்தாவது வேண்டும் என்று கம்பெனிக்காரரிடம் கேட்டு வாங்கியவரே இவர்தான். 'சொந்த வேலை' என்று எழுதிவிட்டு யாரும் தப்பிக்கக் கூடாதே.

திங்கட்கிழமை, சாக்பீஸ் கையைக் கழுவிக்கொண்டிருந்த புவியியல் டீச்சர் பக்கத்தில் போய் நின்றார்.

"உடம்பு சரியில்லாதவரைக் கவனிக்கணும்னு மட்டும் போடட்டுமா அக்கா?"

"போட்டா?"

"அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா? சாயங்காலமே நாலு பேர் பழம் வாங்கிட்டு வந்து நிப்பாங்க. இவரு நனைஞ்ச வேட்டியோட உட்கார்ந்திருப்பாரு." குழாயை மூடினார். "வேண்டாம்மா. முடியலைன்னா பீரியடைப் போட்டுடு. நான் வேலையை விட்டுடறேன்."

மிரட்டலாகச் சொல்லவில்லை. பஸ் இல்லையென்றால் நடந்து போகிறேன் என்பது போலத்தான் சொன்னார். ஓய்வு பெற இன்னும் மூன்று வருஷம் இருந்தது. அந்த வீட்டுக்கு வேறு வருமானம் கிடையாது.

கட்டம் டீச்சர் பொய் எழுதினார். 'மூன்றாவது பீரியடில் வரைபட அறை வேறு வகுப்புக்குத் தேவைப்படுகிறது.' பச்சை டிக் விழுந்தது. பதினேழு வருஷத்தில் அவர் அட்டையில் பொய் எழுதியதில்லை. எழுத அதில் இடமே இருந்ததில்லை.

புது அட்டவணை பத்து நாள் ஓடியது. அடுத்த செவ்வாய்க்கிழமை திரையில் சிவப்பாக ஒரு வரி. வரைபட அறை ஐந்து நாளும் மூன்றாவது பீரியடில் பூட்டியே இருக்கிறது, விளக்கம் தேவை. கேட்டிருந்தவர் அறிவியல் சார்.

அவரைக் கூப்பிட்டுப் பேசினார். அவருக்கும் ஒரு நியாயம் இருந்தது. மனைவிக்கு மருத்துவமனையில் காலை ஷிஃப்ட். குழந்தையைக் காப்பகத்தில் விட, வாரத்தில் இரண்டு நாள் முதல் பீரியட் வேண்டாம் என்று உண்மையை அப்படியே எழுதியிருந்தார். வேறு நேரத்தில் லேப் கிடைக்காது என்று மென்பொருள் தள்ளிவிட்டது.

"என் வீட்டு விஷயத்தை எல்லாரும் படிச்சாங்க மேடம். 'என்ன சார், பால் பாட்டில் கொண்டு வந்தீங்களா'ன்னு கேட்டாங்க. சரின்னு விட்டேன். எல்லாருக்கும் ஒரே சட்டம்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன்."

"அப்போ அந்த ரூம்ல யாரு மேடம் இருக்காங்க?"

வியாழக்கிழமைக்குள் எழுதுகிறேன் என்றார் கட்டம் டீச்சர். அறிவியல் சார் எழுந்தார். புவியியல் டீச்சரிடமே கேட்டுவிடலாம் என்று நினைத்தாராம். எனக்கு வேதியியல் எடுத்த அவங்க வீட்டு சாரை நினைத்தால் இப்பவும் பயமாக இருக்கிறது, காதைத் திருகிவிடுவார் என்று சிரித்தார்.

தலைமையாசிரியரிடம் போய், காரணங்கள் திரையில் தெரியாதபடி மறைத்துவிடலாமா என்று கேட்டுப் பார்த்தார். ஏழாவது பக்கத்தைத்தான் நிர்வாகம் பாராட்டியிருக்கிறது, அதையே எப்படி மறைப்பது என்றார் அவர். நல்ல மனிதர். ஆனால் அவர் காதில் போட்ட விஷயம் ஸ்டாஃப் ரூமுக்கு வந்து சேர ஒரு டீ குடிக்கிற நேரம் போதும். உண்மையை அங்கே இறக்கி வைக்க வழியில்லை.

வியாழக்கிழமை நாலு மணி வரை கெடு. மூன்றரைக்குக் கம்ப்யூட்டர் அறைக்குப் போனார். வரைபட அறையை அழித்தார். 'முதலில் எழுதிய காரணம் பொய். இது துணைத் தலைமையாசிரியை தன் விருப்பத்தில் கொடுத்த சலுகை' என்று அடித்தார். இரண்டு முறை படித்துவிட்டு அனுப்பினார். மென்பொருள் அதற்கும் பச்சை டிக் போட்டது.

மறுநாள் காலை அவர் ஸ்டாஃப் ரூமில் நுழைந்தார். நாங்க அப்பவே சொல்லலையா என்று ஒரு மூலையில் யாரோ முனகினார்கள். பத்து மணிக்குத் தலைமையாசிரியர் கூப்பிட்டார். இந்தப் பருவம் இப்படியே போகட்டும், அடுத்த பருவத்திலிருந்து அட்டவணையை மூன்று பேர் கமிட்டி பார்க்கும், அதில் நீங்கள் இருக்க வேண்டாம் என்றார். அறிவியல் சார் இருப்பார். வெளியே வரும்போது வராந்தாவில் அவரே எதிரில் வந்தார். உங்ககிட்ட இதை எதிர்பார்க்கல மேடம் என்று மட்டும் சொன்னார். குரலில் கோபம் இருந்திருந்தால் பரவாயில்லை.

மூன்றாவது பீரியட் மணி அடித்ததும், பத்தாம் வகுப்பு வாசலில் புவியியல் டீச்சர் பையோடு நின்றிருந்தார். கட்டம் டீச்சர் பிள்ளைகளுக்கு ஒரு கணக்கைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார்.

"ஏம்மா இப்படி எழுதின?"

"வேற எதுவும் வரலை அக்கா."

"இந்தப் பருவம் சரி. அடுத்ததுக்கு?"

"கமிட்டியில அந்த சயின்ஸ் சார் இருக்காரு."

"அவன்கிட்ட நான் போய்ச் சொல்லணுமா?"

புவியியல் டீச்சர் பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினார்.

"இவருக்கு அவனை ரொம்பப் பிடிக்கும். கேள்வி கேட்டே கொல்றான்னு வீட்ல வந்து சொல்லுவாரு."

அதற்குமேல் நிற்கவில்லை. பின்பக்க கேட்டை நோக்கி, ஓட்டமும் நடையுமாகப் போனார். பேச்சில் ஏழு நிமிஷம் போயிருந்தது.