பின் சக்கரத்தில் முள் டயர்

விழுந்ததைக்கூட ஹில்க்கா பொறுத்துக்கொள்வாள். ஏன் விழுந்தோம் என்று தெரிந்ததுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

வடதுருவப் பக்கத்துப் பனி ஊரான ஔலுவில் ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் இருபத்தாறு வருஷமாகக் கஞ்சி கிளறுகிறவள் அவள். காலை ஆறு மணிக்கு அண்டா அடுப்பில் ஏறிவிட வேண்டும். முதல் பஸ் வருவதோ ஏழுக்கு. சைக்கிள் இல்லையென்றால் அந்த வேலையும் இல்லை. அதனால்தான் செப்டம்பரிலேயே கணவன் உர்ஹோவிடம், இரும்பு முள் பதித்த டயர் புதிதாக ஒரு ஜோடி வாங்கி வரச் சொன்னாள். பழையதில் முள்ளெல்லாம் தேய்ந்து போயிருந்தன. வெறும் பனி என்றால் பள்ளம் வெட்டிய டயரே போதும். கண்ணாடி மாதிரி உறைந்த தரையில் முள்தான் பிடிக்கும்.

மனுஷன் தலையாட்டிவிட்டு மீன் பிடிக்கப் போய்விட்டான். ஆறு உறைந்த பிறகுதான் கடைக்குப் போனான். அவள் சைக்கிள் அளவில் ஒன்றே ஒன்று மிச்சமிருந்தது. அதையும் அவளிடம் கேட்காமலே பின் சக்கரத்தில் மாட்டிவிட்டான்.

மறுநாள் பாலம் இறங்கும் வளைவில் முன் சக்கரம் சறுக்கியது. இடது மணிக்கட்டு வீங்கிப்போனது. கஞ்சி தாமதம். இன்னொரு தடவை இப்படியானால் மத்தியானம் பாத்திரம் கழுவ மாற்றிவிடுவேன் என்று தலைமைச் சமையற்காரி இதமாகத்தான் சொன்னாள். அந்த இதம்தான் ஹில்க்காவுக்கு எரிந்தது.

வீட்டில் உர்ஹோ காப்பி குடித்துக்கொண்டிருந்தான்.

"முள் டயரை ஏன் பின்னால போட்ட?"

"பெடலைப் பின்னாடி மிதிச்சாத்தானே பிரேக்கு? அப்போ பின் சக்கரம்தானே பிடிச்சு நிக்கணும்? எங்கப்பாகூட..."

"உங்கப்பா பனிச்சறுக்குப் பலகையிலயே வாழ்ந்த மனுஷன். அவர இழுக்காத. பின் சக்கரம் வழுக்கினா கால ஊனிக்கலாம்யா. முன் சக்கரம் போச்சுன்னா மூஞ்சிதான் பிரேக்கு."

நாளைக்கு மாற்றித் தருவதாகச் சொன்னான். அவள் காத்திருக்கவில்லை. சைக்கிளை அடுப்பங்கரைக்கே இழுத்து வந்து, அவன் ஆசையாக விரித்திருந்த கம்பளத்தின்மேல் கவிழ்த்தாள். டயரை நெம்ப அவன் அம்மாவின் வெள்ளிக் கரண்டிகளை எடுத்தாள்.

"அது அம்மாவோட..." என்று ஆரம்பித்தவன், அவள் முகத்தைப் பார்த்ததும் வந்து சக்கரத்தைப் பிடித்துக்கொண்டான். முள் டயர் முன் சக்கரத்தில் ஏறுவதற்குள் ஒரு கரண்டி வளைந்தது.

மறுநாள் அதே வளைவில் பின் சக்கரம் மீன் வால்போல ஆடியது. காலை ஊன்றினாள், நிமிர்ந்தாள், போய்விட்டாள். ஆறு மணிக்கு அண்டா அடுப்பில் இருந்தது.

கோபம் மட்டும் இறங்கவில்லை. அன்று சாயங்காலம் உர்ஹோவின் காப்பிக் கோப்பையோடு வளைந்த கரண்டியைத்தான் வைத்தாள். பனி உருகும்வரை அவனுக்கு அதுதான்.